லித்கோ ரைஃபிளுக்குப் புதுக் கட்டை: கையால் செதுக்கிப் பொருத்திய ஒரு வேலையின் முழு ஆய்வு

திருகு இறுகியிருந்தது; ஆனாலும் ரைஃபிளின் மரப்பகுதியான கட்டை ஆடியது. விசைக்காப்பின், அதாவது விசையைச் சுற்றியுள்ள இரும்பு வளைவின், முன்திருகைத் திருப்புளியால் அழுத்திப் பார்த்தால் இம்மியும் நகரவில்லை. அதே நேரத்தில் முன்கட்டையைக் கையால் பிடித்து அசைத்தால் இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லிய 'டிக்' என்ற சத்தம் கேட்டது. இந்த ரைஃபிளின் நோயை அந்தச் சத்தமே சொல்லிவிட்டது. ஆனால் காரணம் எங்கே இருக்கிறது, எந்த மரத்தால் எந்த இடத்தில் அதைச் சரிசெய்வது என்பதற்கு நூறாண்டு வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டியிருந்தது.

ரைஃபிள், ஷார்ட் மேகசின் லீ-என்ஃபீல்டு மார்க் 3 வகை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிட்னிக்கு மேற்கே புளூ மவுண்டன்ஸ் மலைகளைத் தாண்டியுள்ள லித்கோ நகரத்து அரசுத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. 'த்ரீ நாட் த்ரீ' என்றால் நம் வாசகர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். இந்தியாவின் பல மாநிலக் காவலர்களின் தோளில் பல பத்தாண்டுகள் தொங்கிய குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். இதன் உரிமையாளர், உரிமம் பெற்று இலக்குச் சுடும் கிளப்பில் பழைய ராணுவ ரைஃபிள்களுக்கான போட்டிகளில் கலந்துகொள்ளும் ஒரு பெண்மணி. ஐந்தடிக்குச் சற்றே கூடிய உயரம். ரைஃபிளைப் பற்றி அவர் சொன்ன குறைகள் இரண்டு. 300 மீட்டரில் குண்டுகள் உயரவாக்கில் ஒரு முழம் சிதறின. அகலத்தில் சிதறல் அதில் பாதிதான். இது முதல் குறை. பின்கட்டை அவர் கைக்கு நீளமாக இருந்ததால் விசையை எட்டிப் பிடிக்கத் தோளை முன்னே தள்ள வேண்டியிருந்தது. இது இரண்டாவது.

போட்டி விதி ஒரு வரம்பையும் வைத்திருந்தது. அவர் போட்டியிடும் பிரிவில் ரைஃபிள் ராணுவத்துக்கு வழங்கப்பட்ட வடிவிலேயே இருக்க வேண்டும். எபாக்சி என்ற கெட்டியாகும் பசையை ஊற்றி இருப்பிடம் அமைப்பது, உலோகத் தூண் புதைப்பது போன்ற இன்றைய வழிகளுக்கு அனுமதி இல்லை. மரமும் உளியும் மட்டுமே. எனக்கு இது குறையாகவே தெரியவில்லை. எபாக்சி ஒரு பொருத்தக் குறையை மூடிவிடும்; உளியோ அதைக் கண்டுபிடித்தால்தான் மேலே நகரும்.

இந்த ரைஃபிளின் கட்டை எப்படி வேலை செய்கிறது

பெரும்பாலான வேட்டை ரைஃபிள்களில் கட்டை ஒரே துண்டு. லீ-என்ஃபீல்டில் இரண்டு துண்டு. பின்கட்டை, உடற்பகுதியின் (தோட்டாவை ஏற்றும் இயக்கம் அமைந்த இரும்புப் பகுதியின்) பின்னால் உள்ள இரும்புச் சாக்கெட்டுக்குள் செருகப்பட்டு, அதன் நடுவே ஓடும் நீண்ட போல்ட்டால் இழுத்துக் கட்டப்படுகிறது. முன்கட்டை, உடற்பகுதியையும் குழலையும் கீழிருந்து தாங்குகிறது. விசைக்காப்பின் திருகுகளும், குழலின் நடுவே உள்ள உள்வளையமும், முனையில் உள்ள மூக்குமூடியும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன.

ஒரு குண்டு வெளியேறும்போது நடப்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 11.3 கிராம் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 744 மீட்டர் வேகத்தில் போகிறது. அதன் பின்னாலேயே எரிந்த வெடிமருந்தின் வாயுவும் பீய்ச்சுகிறது. ஏறத்தாழ 3.9 கிலோ எடையுள்ள ரைஃபிள் இதற்கு ஈடாக வினாடிக்கு மூன்று மீட்டரை ஒட்டிய வேகத்தில் பின்னுதைக்கிறது. பின்கட்டைக்கு இதில் சிக்கல் இல்லை. இரும்புச் சாக்கெட் அதை நேராகத் தோளை நோக்கித் தள்ளுகிறது. முன்கட்டையின் நிலை வேறு. உடற்பகுதி திடீரெனப் பின்னால் பாயும்போது, முன்கட்டையும் அதில் மாட்டியிருக்கும் மூக்குமூடியும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கின்றன. அவற்றையும் சேர்த்து இழுத்துச் செல்லும் பொறுப்பு, முன்கட்டையின் பின்பகுதியில், மேகசின் என்ற தோட்டாப் பெட்டிக்கான பள்ளத்துக்குப் பின்னால், இடமும் வலமுமாக உள்ள இரண்டு சிறிய மரமுகங்களின் மீது விழுகிறது. ஒவ்வொன்றும் விரல்நகத்தின் அளவுதான். உடற்பகுதியின் காதுகள் ஒவ்வொரு முறை சுடும்போதும் இந்த முகங்களில் மோதுகின்றன. இவற்றை இந்தக் கட்டுரையில் தாங்குமுகங்கள் என்று குறிப்பிடுகிறேன்.

என் கருத்தில் இந்த ரைஃபிளின் கட்டை வேலை என்பது இந்த இரண்டு முகங்களின் வேலைதான். மற்ற எல்லாம் அழகுக்கும் கைப்பிடிக்கும்.

தாங்குமுகங்கள் நசுங்கினால் உடற்பகுதி சற்றே பின்வாங்க இடம் கிடைத்துவிடுகிறது. அப்போது சுமை, முன்திருகு நுழையும் துளையின் சுவருக்கு மாறுகிறது. அது சுமைக்காக அமைக்கப்பட்ட இடம் அல்ல. அங்கிருந்து இழை ஓட்டத்தோடு வெடிப்பு கிளம்பும். முன்கட்டை ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வந்து நிற்கும். குழலின் மீது அது கொடுக்கும் அழுத்தமும் மாறிக்கொண்டே இருக்கும். இலக்கில் உயரவாக்கில் கோடு போல விழுந்த குண்டுகளுக்கு இதுவே விளக்கம்.

பழைய கட்டை சொன்ன சாட்சி

முன்கட்டையைக் கழற்றினோம். இந்த மாதிரியில் ஒரு கண்டிப்பான முறை உண்டு: முதலில் முன்கட்டை, பிறகுதான் பின்கட்டை. பின்கட்டையின் போல்ட்டுக்குச் சதுர முனை இருக்கிறது. அது சாக்கெட்டைத் தாண்டி வெளியே நீண்டு, முன்கட்டையின் பின்முனையில் பதித்த சிறு தகட்டில் பொருந்தி நிற்கிறது; போல்ட் தானாகக் கழன்றுவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. முன்கட்டையைக் கழற்றாமல் போல்ட்டைத் திருப்பினால் அந்தச் சதுரமும் கூடவே சுழன்று முன்கட்டையின் வாலைப் பிளந்துவிடும். சந்தையில் விற்பனைக்கு வரும் பழைய கட்டைகளில் வால் பிளந்தவை நிறைய இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அவசரப்பட்டவர்களின் கைவேலை அது.

வெளியே வந்த மரம் குவீன்ஸ்லாந்து மேப்பிள். மேல் தோற்றத்தில் நல்ல பழுப்பும் மினுமினுப்பும் இருந்தன. பின்பகுதியைத் திருப்பியதும் நிலைமை தெரிந்தது. தாங்குமுகங்கள் இரண்டும் பல ஆண்டுத் துப்பாக்கி எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தன. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. வலது முகம் இடது முகத்தைவிட அதிகமாக நசுங்கியிருந்தது. அதாவது பல காலமாக ஒரே பக்கம்தான் சுமை தாங்கியிருக்கிறது. முன்திருகுத் துளையிலிருந்து மயிரிழை அளவு வெடிப்பு ஒன்று கிளம்பியிருந்தது.

திருகு இறுகியும் கட்டை ஆடியதற்கான விடையும் அங்கேயே இருந்தது. முன்திருகு மரத்தின் ஊடே செல்லும் இடத்தில் ஓர் இரும்புக் காலர், அதாவது சிறு குழாய் வளையம், இருக்கிறது. மரம் அளவுக்கு மீறி நசுங்காமல் தடுப்பது அதன் வேலை. மரம் காய்ந்து சுருங்கி, காலரைவிடக் குட்டையாகிவிட்டால் திருகு காலரின் மீது இரும்போடு இரும்பாக இறுகி நின்றுவிடும்; மரத்தைப் பிடிக்காது. இறுக்கம் பொய்யாகிவிடும். இந்தக் கட்டையில் அதுவும் நடந்திருந்தது.

லித்கோ ஏன் வால்நட்டை விட்டது

லித்கோ தொழிற்சாலை 1912இல் திறக்கப்பட்டது. இயந்திரங்கள் அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி நிறுவனத்திலிருந்து வந்தன. லீ-என்ஃபீல்டு என்ற வடிவமைப்பே வால்நட் மரத்தை மனத்தில் வைத்துப் பிறந்தது. வால்நட் அடர்த்தியானது, அதே சமயம் உளிக்கு இணங்கும். காய்ந்தபின் அதிகம் முறுக்கிக்கொள்ளாது. தாங்குமுகம் போன்ற சிறிய இடத்தில் குறுக்கு இழை அடியைத் தாங்கும். ஆனால் ஆஸ்திரேலியாவுக்கு வால்நட் கடல் தாண்டி வர வேண்டும். முதல் உலகப் போருக்குப் பிறகு உள்நாட்டு மரத்தைத் தேடினார்கள். குவீன்ஸ்லாந்து மேப்பிள் கிடைத்தது.

அதன் பெயரில் மேப்பிள் இருந்தாலும் அது மேப்பிள் இனம் அல்ல. ஃபிளிண்டர்சியா என்ற பேரினத்தைச் சேர்ந்த மழைக்காட்டு மரம். எலுமிச்சைக் குடும்பம். இலங்கைத் தமிழர்கள் நன்கறிந்த முதிரையும் அதே குடும்பம்தான். ஆனால் உறுதியில் முதிரையின் பக்கத்தில்கூட இது வராது. கன மீட்டருக்கு ஏறத்தாழ 560 கிலோதான் எடை; வால்நட் 640 கிலோவை ஒட்டியது. அலமாரிக்கும் மேசைக்கும் குவீன்ஸ்லாந்து மேப்பிள் மிக அருமையான மரம். நகத்தளவு முகத்தில் ஓயாமல் விழும் அடிக்கு அது கொஞ்சம் மென்மை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நியூ சவுத் வேல்ஸின் கோச்வுட் மரமும் சேர்ந்துகொண்டது. ஆஸ்திரேலியாவில் கட்டப்பட்ட மாஸ்கிட்டோ போர் விமானங்களின் ஒட்டுப்பலகைக்கும் பயன்பட்ட மரம் அது. தேவை பெருகியதால் கட்டைகள் வெளியேயும் செய்யப்பட்டன. டென்னிஸ் மட்டைகளுக்குப் பெயர்பெற்ற ஸ்லாசெஞ்சர் நிறுவனத்தின் ஆஸ்திரேலியக் கிளையும் ரைஃபிள் கட்டைகளைச் செதுக்கித் தந்தது. அதன் முத்திரை விழுந்த கட்டைகள் இன்றும் கைக்கு வருகின்றன. மட்டைக்காக மரத்தை வளைக்கவும் காயவைக்கவும் தெரிந்தவர்களிடம் போர்க்காலத்தில் அரசு போனது எவ்வளவு இயல்பான முடிவு!

மரத்தின் மென்மைக்கு லித்கோ கண்ட தீர்வு எளிமையானது. அந்த எளிமைக்காகவே நான் அதை மதிக்கிறேன். தாங்குமுகங்களில் செப்புத் தகடுகளைப் பதித்தார்கள். செம்பு அடியை முகம் முழுவதும் பரப்பிவிடும்; மரம் ஒரே புள்ளியில் நசுங்காது. நம் கைக்கு வந்த கட்டை அதற்கு முந்தையது. தகடு இல்லை.

இதே நோய்க்கு இந்தியாவில் வேறு மருந்து. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை, முன்கட்டையின் குறுக்கே, மேகசினுக்குச் சற்று முன்னால், இடமிருந்து வலமாக ஒரு திருகைச் செலுத்திப் பூட்டியது. மரம் பக்கவாட்டில் பிளந்து விரியாமல் அது இழுத்துப் பிடிக்கும். 1962 சீனப் போருக்குப் பின்னர் 7.62 மி.மீ. தோட்டாவுக்காக அங்கே செய்யப்பட்ட 2ஏ, 2ஏ1 ரைஃபிள்களிலும் அந்தத் திருகு தொடர்ந்தது. பழைய காவல்துறை ரைஃபிளை நெருக்கமாகப் பார்த்தவர்களுக்கு மரத்தின் பக்கத்தில் தெரியும் அந்தத் திருகுத் தலை நினைவிருக்கும். லித்கோ நசுங்குவதைத் தடுத்தது. இஷாப்பூர் பிளப்பதைத் தடுத்தது. இரண்டையும் எடைபோட்டால், நோயின் தொடக்கத்திலேயே கைவைத்தது செப்புத் தகடுதான் என்பது என் தீர்ப்பு. நசுங்காத முகம் பிளவுக்கு இடம் கொடுப்பதில்லை.

மரம் தேர்ந்தது

ஆஸ்திரேலியாவிலேயே விளைந்த ஐரோப்பிய வால்நட் பலகை ஒன்று என்னிடம் இருந்தது. காற்றில் உலர்த்தியது. ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்பது மர வியாபாரிகளின் பழைய கணக்கு. இந்தப் பலகை அதைத் தாண்டியே காத்திருந்தது. ஈரமானியில் 11 சதவீதம் காட்டியது. அதன் ஒரு முனையில், கிளை பிரிந்த இடத்தில், கறுப்பும் தேன் நிறமுமாக அலையலையாக ரேகை ஓடியது. மறுமுனையில் ரேகை நூல் பிடித்தது போல நேராகப் போனது.

உரிமையாளருக்கு அலை ரேகை பிடித்துப்போனது. முன்கட்டையும் அந்தப் பகுதியிலிருந்தே வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆசை நியாயமானது, ஆனால் இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ரேகை சுழலும் இடத்தில் மரம் ஈரத்துக்கு ஏற்ப எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நெளியும். நீண்டு மெலிந்த முன்கட்டை நெளிந்தால் அது குழலைத் தொடும், குண்டு விலகும். பின்கட்டை குட்டை, தடிமன். குழலோடு அதற்குத் தொடர்பே இல்லை. எனவே அலை ரேகை பின்கட்டைக்கு, நேர் ரேகை முன்கட்டைக்கு. ஒரே பலகை என்பதால் நிறமும் ஒத்துப்போகும். அவரும் ஒப்புக்கொண்டார்.

பலகையை எந்தப் பக்கமாக வெட்டுவது என்பது அடுத்த கேள்வி. மரம் நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை. குறுக்கே சுருங்கும், அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் அதிகம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் குறைவு. வால்நட்டில் ஈரம் 1 சதவீதம் மாறினால் முதல் திசையில் கால் சதவீதத்துக்குச் சற்று மேல், இரண்டாவதில் ஏறத்தாழ 0.2 சதவீதம் அளவு மாறும். உடற்பகுதிக்கும் விசைக்காப்புக்கும் இடையே மரம் 30 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மழைக்காலத்து 12 சதவீத ஈரம் வறண்ட கோடையில் 8 ஆகிவிட்டால், வெட்டு தப்பான பலகையில் 0.32 மில்லிமீட்டர் குறையும். சரியான வெட்டில் 0.23 அல்லது 0.24. வித்தியாசம் ஒரு தாளின் கனம்தான். ஆனால் காலரின் மீது திருகு பொய்யாக இறுகுவதற்கு ஒரு தாளின் கனமே போதும். முனையில் பார்த்தால் ஆண்டு வளையங்கள் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும்படி முன்கட்டையை வெட்டினேன். அப்போது உயரவாக்கில் அசைவு குறைவான திசை அமைந்துவிடும்.

முன்கட்டை

முதலில் மேல்முகத்தை இழைப்புளியால் தட்டையாக்கி, மூலைமட்டம் வைத்து, கத்தி முனையால் நடுக்கோடு கீறினேன். பென்சில் கோட்டுக்குத் தடிமன் உண்டு. கத்திக் கோட்டுக்கு இல்லை. பழைய கட்டையின் வெளிவடிவத்தை அளந்து எடுத்துக்கொள்ளலாம். அதன் உட்பள்ளங்களை நம்பக் கூடாது. நசுங்கியும் தேய்ந்தும் போன அளவுகள் அவை. உட்பள்ளத்துக்கு ரைஃபிளின் இரும்பே அச்சு.

விசைக்காப்புத் திருகுகளுக்கான துளைகளை முன்கூட்டியே நேராகப் போட்டுவிட்டு, உடற்பகுதியில் தலையில்லாத நீண்ட திருகுகளை மாட்டினேன். ஒவ்வொரு முறையும் இரும்பு அதே வழியில் செங்குத்தாக மரத்துக்குள் இறங்க இவை வழிகாட்டும். இல்லையென்றால் இரும்பு ஒருமுறை இடப்பக்கம் உரசும், மறுமுறை வலப்பக்கம் உரசும். எந்தத் தடமும் நம்பத்தக்கதாக இருக்காது.

அடுத்தது கரி. விளக்குப் புகைக்கரியில் ஒரு துளி எண்ணெய் குழைத்து, உடற்பகுதியின் அடியில் மெல்லிய படலமாகத் தடவினேன். இரும்பை மரத்துக்குள் இறக்கிக் கொட்டாப்புளியால் லேசாகத் தட்டி, மேலே எடுத்தால், மரத்தில் கரி ஒட்டிய இடமெல்லாம் மேடு. அதை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். மறுபடி கரி, மறுபடி இறக்கம். புதியவர்கள் தவறவிடும் நுணுக்கம் ஒன்று இங்கே இருக்கிறது. கரித்தடங்கள் எல்லாம் ஒன்றல்ல. மரத்தின் பளபளப்போடு அழுந்திய, ஓரம் தெளிவான கறுப்பு உண்மையான தொடுகை. மங்கலாக, இழுபட்ட நிலையில் இருக்கும் சாம்பல் நிறம், இரும்பு போகும் வழியில் சுவரை உரசிய தடம். இரண்டையும் ஒன்றாகக் கருதிச் செதுக்கினால் சுவர்கள் அகன்றுகொண்டே போகும். அடித்தளம் மட்டும் சேராது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மரத்தைச் சாய்த்துப் பிடித்தால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். தலைக்கு நேர்மேலே எரியும் விளக்கில் தெரியாது.

அடித்தளமும் குழலின் தொடக்கத்துத் தடித்த பகுதியும் சீராகச் சேர்ந்த பின்புதான் தாங்குமுகங்களுக்கு வந்தேன். அதுவரை அங்கே அரை மில்லிமீட்டர் கூடுதல் மரத்தை வேண்டுமென்றே விட்டு வைத்திருந்தேன். ராணுவத்தில் உதிரியாக அனுப்பப்பட்ட முன்கட்டைகளிலும் இந்த இடத்தில் கூடுதல் மரம் விட்டுத்தான் அனுப்புவார்கள். ஆயுதக் கம்மியர் ரைஃபிளுக்கு ரைஃபிள் செதுக்கிப் பொருத்துவார். அப்படிப்பட்ட கட்டையை விலைக்கு வாங்கி, உள்ளே போகவில்லை என்று உப்புத்தாளால் தேய்த்துத் தள்ளிப் பொருத்துகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ரைஃபிளின் உயிர்நிலையை அவர்கள் தேய்த்துத் தூளாக்கிவிடுகிறார்கள்.

ஆறு மில்லிமீட்டர் உளி ஒன்றை இதற்கென்றே முகத்தில் சதுரமாகத் தீட்டி வைத்திருந்தேன். குறுக்கு இழையைச் சுத்தியலால் அடித்து வெட்டக் கூடாது. கைப்பெருவிரலால் தள்ளிச் சீவ வேண்டும். சீவல் முழுதாக, உடையாமல் சுருண்டு வந்தால் உளி கூர்மையாக இருக்கிறது என்று பொருள். தூளாக வந்தால் நிறுத்தித் தீட்ட வேண்டும். லித்கோ பின்னாளில் பதித்தது போன்ற செப்புத் தகட்டுக்கு இடம்விட்டு முகங்களைப் பின்தள்ளினேன். தகடுகளைச் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தேன். எஃகுக்கு நேர்மாறாகச் செம்பு இப்படிச் செய்தால் மென்மையாகும். மென்மையான செம்பு முதல் சில அடிகளில் இரும்பின் வடிவத்துக்கு இசைந்து, அந்த அடிகளாலேயே பின்பு கெட்டியாகும். சிறு திருகுகளால் அவற்றை மரத்தில் பதித்துத் திருகுத் தலைகளை முகத்துக்குக் கீழே இறக்கினேன்.

இரண்டு முகங்களும் ஒரே நேரத்தில் தொட வேண்டும் என்பதே இந்த வேலையின் கடினமான பகுதி. கரி இங்கே முழு விடை தராது. இரு பக்கமும் செம்புக்கும் இரும்புக்கும் இடையே மெல்லிய தாள் துண்டுகளைச் செருகி, திருகுகளை இறுக்கி, தாள்களை இழுத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே பிடியில் நிற்க வேண்டும். ஒன்று எளிதாக வந்தால் மறுபக்கத் தகட்டை அரத்தால் ஒரு வீச்சு, ஒரே வீச்சு, தேய்த்து மறுபடி பார்க்க வேண்டும். பொறுமையைக் கேட்கும் இடம் இது; இதில் குறுக்குவழி கிடையாது.

முன்கட்டையின் வால் சாக்கெட்டைத் தொடக் கூடாது. அங்கே கனத்த அட்டை ஒன்று நுழையும் அளவு இடைவெளி விட்டேன். தாங்க வேண்டியது தாங்குமுகம், வால் அல்ல. பிறகு காலரை அளந்தேன். மரத்தைச் சற்றே அழுத்திய பிறகுதான் திருகு காலரில் முட்டும்படி அதன் நீளத்தைக் குறைத்தேன்.

குழல் பகுதி ஒப்பீட்டளவில் எளிது. தடித்த தொடக்கப் பகுதியைத் தாண்டியதும் குழல் மரத்தைத் தொடாமல் போக வேண்டும். தாள் துண்டைக் குழலுக்கு அடியில் செலுத்தி நீளமாக இழுத்துப் பார்த்தால் போதும். உள்வளையத்தின் வில் குழலைக் கீழே இழுக்கும். மூக்குமூடிக்குப் பின்னால் உள்ள சிறு தண்டும் வில்லும் அதை மேலே தள்ளும். குழல் முனையை விரலால் அழுத்தி விட்டால் தயக்கமின்றி அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். எங்காவது உரசினால் திரும்பும்போது தயங்கும். அந்தத் தயக்கம் விரலுக்கே தெரியும்.

பின்கட்டை

இந்த ரைஃபிளின் பின்கட்டைகள் தொழிற்சாலையிலேயே பல நீளங்களில் வந்தன. வழக்கமான அளவைவிட அரை அங்குலம் கூடுதலானது ஒன்று, அரை அங்குலம் குறைவானது ஒன்று, ஓர் அங்குலம் குறைவான 'பேண்டம்' ஒன்று. எந்த வகை என்பது மரத்தில் எழுத்தாக அச்சிடப்பட்டிருக்கும். நூறாண்டுக்கு முன்பு லட்சக்கணக்கில் உற்பத்தி செய்த ராணுவம்கூட ஆளுக்கு ஏற்ற நீளம் வேண்டும் என்று எண்ணியது. ஆகவே நீளத்தைக் குறைப்பது வழங்கப்பட்ட வடிவத்துக்கு உட்பட்டதே.

முழங்கை மடிப்பிலிருந்து விரல் வரை அளந்தால் போதும் என்ற வழக்கம் உண்டு. அது கடையில் நின்றுகொண்டு சொல்லும் கணக்கு. சுடும் நிலைதான் அளவைத் தீர்மானிக்க வேண்டும். இவர் படுத்துச் சுடுபவர். கனத்த தோல் சட்டை அணிபவர். அந்தச் சட்டையோடு படுக்கவைத்து, கண்ணை மூடி ரைஃபிளைத் தோளில் பொருத்தி, பிறகு கண் திறந்து பார்க்கச் சொன்னேன். குறிமுள் தானாக நேர்கோட்டில் இருக்க வேண்டும். கைப்பெருவிரலின் அடிக்கும் மூக்குக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். பேண்டம் அளவே அவருக்குச் சரியாக அமைந்தது.

நடுவே ஓடும் நீண்ட துளைதான் இதில் சோதனை. துரப்பணம் ரேகையைப் பின்பற்றி ஓடப் பார்க்கும். அலை ரேகை மரத்தில் அது இன்னும் மோசம். இரு முனைகளிலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைத்தேன். வெளிவடிவம் செதுக்குவதற்கு முன்பே, பலகை சதுரமாக இருக்கும்போதே, துளையை முடித்துவிட வேண்டும். துளை சற்று விலகியிருந்தால் வெளிவடிவத்தை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ள அப்போதுதான் இடம் இருக்கும். சாக்கெட்டுக்குள் போகும் கூம்பிய முனையைக் கரி வைத்து நாற்புறமும் சீராகச் சேரும்வரை சீவினேன். போல்ட்டை இறுக்கி முடித்த நிலையில் அதன் சதுர முனை முன்கட்டைத் தகட்டுக்கு நேராக நிற்க வேண்டும் என்பதையும் அப்போதே பார்த்துக்கொண்டேன்.

வெளிவடிவத்துக்கு முள் அரம், பிறகு மென் அரம், பிறகு சுரண்டி. அலை ரேகை திசை மாறும் இடங்களில் இழைப்புளி மரத்தைப் பிய்த்துவிடும்; சுரண்டி பிய்க்காது. கைப்பிடிக் கழுத்தின் தடிமனை உரிமையாளரின் கையை வைத்தே முடித்தேன். ராணுவ வடிவத்தின் வரம்புக்குள் அரை மில்லிமீட்டர் எடுத்தாலும் சிறிய கைக்கு அது பெரிய வேறுபாடு.

எண்ணெய்

உப்புத்தாள் தேய்த்து முடித்தபின் ஈரத்துணியால் மரத்தைத் துடைத்தேன். நசுங்கிய இழைகள் சிறு மயிர்களாக எழுந்து நிற்கும். காய்ந்ததும் அவற்றை நுண்ணிய தாளால் எடுத்துவிட வேண்டும். மயிர் எழுவது நிற்கும்வரை இதைத் தொடர்ந்தால்தான் பிறகு மழையில் நனைந்தாலும் மேற்பரப்பு முரடாகாது.

பூசியது ஆளி விதை எண்ணெய். ராணுவக் கட்டைகளுக்குப் பழைய முறை இதுதான். வெதுவெதுப்பாக்கி, மெல்லிய பூச்சாகத் தேய்த்து, ஊறாததைத் துடைத்து, முழுதாகக் காயவிட்டு அடுத்த பூச்சு. உட்பள்ளங்களுக்கும் பூச்சு வேண்டும். குறுக்கு இழை தெரியும் முனைகளுக்கு மிகவும் வேண்டும், மரம் ஈரத்தை அதிகம் உறிஞ்சுவது அங்கேதான். எண்ணெய் ஈரத்தை முற்றிலும் தடுத்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது ஈரம் நுழையும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவே. ஓர் எச்சரிக்கையும் உண்டு: ஆளி எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைத்த பின்பே எறிய வேண்டும்.

சுட்டுப் பார்த்தபோது

முதல் முறை சுட்டபின் திருகுகளை மீண்டும் இறுக்க வேண்டியிருந்தது. செம்பு இரும்புக்கு இசைந்து உட்கார்ந்திருந்தது, எதிர்பார்த்ததுதான். அதற்குப் பிறகு 300 மீட்டரில் குண்டுகள் உயரத்திலும் அகலத்திலும் ஒரு சாணுக்குள் அடங்கின. இந்த வயது ரைஃபிளுக்கும் திறந்த குறிமுள்ளுக்கும் இது நல்ல நிலை. என்னை அதிகம் மகிழ்வித்தது வேறு: குழல் சூடேறிய பிறகும் குண்டுகள் மேலே ஏறவில்லை. முன்கட்டை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை.

பனி விழுந்த ஈரமான காலையில் குண்டு விழும் இடம் சற்றே மேலே நகர்ந்ததை உரிமையாளர் குறித்துவைத்திருக்கிறார். மரக்கட்டை இருக்கும் வரை இது இருக்கும்; அதன் அளவு மாறாமல் இருந்தால் குறிமுள்ளில் சரிசெய்துகொள்ளலாம். வறண்ட கோடை ஒன்று கடந்த பிறகு முன்கட்டையைக் கழற்றி, தாங்குமுகங்களில் கரி வைத்துப் பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். தடம் இருபுறமும் சமமாக இருந்து, திருகு மட்டும் முன்னைவிடச் சீக்கிரம் முட்டி நின்றால், குறைக்க வேண்டியது காலரை. தடம் ஒரு பக்கம் மங்கியிருந்தால், அந்தப் பக்கத்துச் செப்புத் தகட்டுக்கு அடியில் மெல்லிய செப்புத்தாள் ஒன்றை வைக்க வேண்டும்.